சாவி இல்லாமல் கழலாத நட்டு: தீவில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு

அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுக மேடையில் இறங்கும் ஒவ்வொரு காரும் கடல் தாண்டி வந்தது. சென்னையிலிருந்து இங்கே ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். பயணிகள் கப்பலுக்கே இரண்டரை முதல் மூன்று நாள் ஆகும். காருக்கு வேண்டிய டயர், பேட்டரி, பிரேக் ஷூ, பேரிங் எல்லாம் அதே வழியில்தான் வந்து சேர வேண்டும். அதனால்தான் இந்த ஊரில் ஓர் உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்பதற்கு முன்னால், அது கெட்டால் மாற்று எப்போது வரும் என்று கேட்கிறோம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. இந்தக் கேள்வி மாறவில்லை.

அந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே காரில் பொருத்திக்கொள்ளும் பொருள் ஒன்று உண்டு. சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு பூட்டு நட்டுகள். அந்த நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு சாவி. அலாய் வீல் திருடு போகாமல் காக்க வந்த ஏற்பாடு இது. பெருநகரத்தில் இதற்கு வேலை இருக்கிறது. கடல் சூழ்ந்த இந்த ஊரில் இது யாரைத் தடுக்கிறது, யாரைக் காக்கிறது என்று ஒருமுறை முழுதாகக் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

நட்டும் சாவியும்

காரின் சக்கரம் ஹப் எனப்படும் சுழலும் தட்டின்மேல் உட்கார்கிறது. நம் ஊரில் அதிகம் ஓடும் மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா வண்டிகளில் ஹப்பிலிருந்து மரை போட்ட கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஸ்டட். அவற்றின்மேல் சக்கரத்தை மாட்டி நட்டால் இறுக்குகிறோம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற ஐரோப்பிய வண்டிகளில் ஸ்டட் கிடையாது. சக்கரத்தின் துளை வழியே போல்ட்டைச் செருகி ஹப்பிலேயே திருகுவார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு மாட்டிக்கொண்டு உடைக்க நேரும்போது, செலவு எவ்வளவு என்பதை இதுதான் முடிவு செய்யும்.

சாதாரண நட்டுக்கு ஆறு பக்கம். 19 அல்லது 21 மில்லிமீட்டர் ஸ்பேனர் இருந்தால் யாரும் கழற்றலாம். பூட்டு நட்டின் தலையில் பிடிக்க அந்த ஆறு பக்கம் இல்லை. வழுவழுப்பான உருண்டைத் தலை. அதன் முகத்தில் வளைந்து நெளிந்து ஓடும் ஒரு பள்ளம், அல்லது ஒழுங்கற்ற இடைவெளியில் சில பற்கள். அந்த வடிவத்துக்கு நேர் எதிர் வடிவம் சாவியின் ஒரு முனையில் இருக்கும். சாவியின் மறுமுனை வழக்கமான ஆறு பக்கம். சாவியை நட்டில் பொருத்தி, அதன்மேல் வீல் ஸ்பேனரைப் போட்டுத் திருக வேண்டும். விலை கூடிய சில வகைகளில் தலையைச் சுற்றித் தனியாகச் சுழலும் ஒரு வளையமும் இருக்கும். வேறு கருவியால் பிடித்துத் திருகினால் வளையம் மட்டும் சுற்றும், உள்ளே நட்டு அசையாது.

ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அது சாவியில் பொறித்திருக்கும். அல்லது டப்பாவோடு வரும் சிறிய அட்டையில் அச்சிட்டிருக்கும். சாவி தொலைந்தால் அந்த எண்ணை எழுதி அனுப்பித்தான் மாற்றுச் சாவி வாங்க முடியும். அட்டையும் தொலைந்தால் நட்டின் முகத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பி, தயாரித்தவர்கள் அடையாளம் கண்டு சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத மலிவு செட் என்றால் அந்த வழியும் அடைபட்டது. செய்தவர் யார் என்றே தெரியாதபோது எண்ணை யாருக்கு அனுப்புவது?

நட்டு வாங்கும்போது பலரும் பூட்டை மட்டும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானவை மரையும் உட்காரும் முகமும். மாருதி சுசூகியில் 12 மில்லிமீட்டர் ஸ்டட், மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் அதே 12 மில்லிமீட்டர், ஆனால் இடைவெளி 1.5. கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தவறானதை ஸ்பேனர் வைத்துத் திருகினால் இரண்டு மூன்று சுற்று போய், மரையைத் தின்றுவிடும். முகமும் அப்படியே. பெரும்பாலான வண்டிகளில் 60 பாகைக் கூம்பு. ஹோண்டாவின் கம்பெனிச் சக்கரங்களிலும் ஃபோக்ஸ்வாகனிலும் உருண்டை முகம். கூம்பு முகத்துக்கான துளையில் உருண்டை நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். இறுக்கம் நிற்காது, சக்கரம் தளரும். திருடனுக்குப் பயந்து பொருத்திய நட்டு, ஓடும்போதே சக்கரத்தைக் கழற்றிவிடும் ஆபத்து இது. எந்தத் திருட்டையும்விட இது பெரிய நட்டம்.

எங்கே பிறந்த தேவை

இரும்பு டிஸ்க் சக்கரத்தைத் திருட யாரும் மெனக்கெடுவதில்லை. அலுமினியக் கலவைச் சக்கரங்கள் பரவலான பிறகுதான் சக்கரமே விலைபோகும் பொருளானது. அமெரிக்காவில் 1960-களில் அழகுச் சக்கர மோகம் எழுந்தபோது, கூடவே பூட்டும் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் அந்தக் காலத்தில் தொடங்கிய மெக்கார்ட் போன்ற நிறுவனங்கள் இன்றும் பல கார் கம்பெனிகளுக்கு இதைச் செய்து தருகின்றன. ஐரோப்பாவில் விற்கும் கார்கள் பலவற்றில் இது தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. இந்தியாவில் உயர்விலைக் கார்களில் கூடவே வரும். மற்றவற்றுக்கு ஷோரூமிலும் டயர் கடையிலும் துணைப்பொருளாக விற்கிறார்கள். டெல்லி, குருகிராம், நொய்டா பக்கங்களில் இரவில் தெருவில் நிறுத்திய கார் காலையில் நான்கு சக்கரமும் இல்லாமல் செங்கல் அடுக்கின்மேல் நிற்பது பல முறை செய்தியாகியிருக்கிறது. அந்த ஊரில் வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவர் நான்கு பூட்டு நட்டு வாங்கிப் போடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் பூட்டு நட்டு திருடனைத் தாமதப்படுத்த மட்டுமே செய்யும். அதைக் கழற்றும் கருவிகள் இணையக் கடைகளில் யாருக்கும் கிடைக்கின்றன. ஒரு கார் கம்பெனி தன் வண்டிகளுக்கு வைத்திருக்கும் சாவி வடிவங்களும் எல்லையற்றவை அல்ல. சில பத்துகளில் அடங்கிவிடும். அந்தச் சாவிகள் எல்லாம் கையில் இருந்தால் அந்தக் கம்பெனியின் எந்தச் சக்கரமும் கழலும். அவசரத்தில் வந்த திருடன் பூட்டைப் பார்த்துப் பக்கத்து வண்டிக்குப் போவான். தயாராக வந்தவன் கழற்றிக்கொண்டு போவான்.

இங்கே நிலைமை வேறு. திருட்டே இல்லாத ஊர் என்று சொல்லமாட்டேன். ஆனால் திருடிய அலாய் வீலை விற்க ஒரு பெரிய சந்தை வேண்டும். சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது; கழற்றிய பாகங்கள் மலைபோலக் குவிந்திருக்கும் அந்த இடத்தில் நான்கு சக்கரம் அடையாளம் தெரியாமல் கலந்துவிடும். இங்கேயோ 2011 கணக்கெடுப்பின்படி தீவுக்கூட்டம் முழுவதிலும் இருந்தவர்கள் 3,80,581 பேர். எந்த வண்டியில் எந்தச் சக்கரம் ஓடுகிறது என்று பஞ்சர் கடைக்காரருக்குத் தெரியும் ஊர் இது. வெளியே கொண்டுபோக வேண்டுமானால் கப்பலோ விமானமோதான். இரண்டிலும் சரக்குக்குப் பதிவு உண்டு. ஆகவே பூட்டு எந்த ஆபத்தைத் தடுக்க வந்ததோ அந்த ஆபத்து இங்கே சிறியது. அந்தப் பூட்டு தன்னோடு கொண்டுவரும் ஆபத்தோ இங்கே பெரிதாகிறது.

இறுக்கம் என்பது என்ன

சக்கரத்தை ஸ்டட்டுகள் தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே உள்ள உராய்வுதான் வண்டியைத் தாங்குகிறது. நட்டு இறுகும்போது ஸ்டட் இம்மியளவு நீள்கிறது. நீண்ட கம்பி திரும்பச் சுருங்க முயலும் விசைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. சின்னக் கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு சொல்வார்கள். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் வைத்து, உலர்ந்த மரைக்கு வழக்கமாக எடுக்கும் உராய்வு எண்ணைப் போட்டுக் கணக்கிட்டால், ஒரு நட்டின் அழுத்தம் 40 கிலோநியூட்டனைத் தாண்டும். எடையாகச் சொன்னால் நான்கு டன்னுக்கு மேல். ஒரு சக்கரத்தின் நான்கு நட்டுக்குமாகப் பதினாறு, பதினேழு டன். இதில் ஒன்று சரியாக உட்காரவில்லை என்றால் மற்ற மூன்றின் தலையில் சுமை ஏறும்.

நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டப் பயன்படுகிறது. மிச்சமெல்லாம் நட்டின் முகத்திலும் மரையிலும் உராய்வாகவே போய்விடும். இது தெரியாமல்தான், துருப்பிடிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மரையில் கிரீஸைத் தாராளமாகத் தடவிவிட்டு அதே முறுக்கில் இறுக்குகிறார்கள். உராய்வு குறைந்தால் அதே 100 நியூட்டன் மீட்டருக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஸ்டட் தாங்கும் எல்லையைத் தாண்டி நீண்டுவிடலாம். கார் கம்பெனிகள் பல சக்கர மரையை உலர்வாகவே வைக்கச் சொல்வது இதனால்தான். கையேட்டில் உங்கள் வண்டிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அதன்படி செய்யுங்கள். எதைத் தடவினாலும் நட்டின் கூம்பு முகத்தில் மட்டும் ஒருபோதும் படக் கூடாது.

பூட்டு நட்டுக்கு இந்த இடத்தில் ஒரு தனிப் பலவீனம் உண்டு. சாதாரண நட்டின் ஆறு பக்கத்தை ஸ்பேனர் ஆழமாகக் கவ்வும். பூட்டுச் சாவியோ சில மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளத்தில் நின்றுதான் அத்தனை முறுக்கையும் கடத்துகிறது. டயர் கடையில் ஏர் கன் வைத்துச் சாவியின்மேல் அடித்தால், ஒவ்வொரு அடியும் அந்த மெல்லிய விளிம்பில் விழும். ஒன்று சாவி பிளக்கும். அல்லது பள்ளத்தின் ஓரம் உருண்டுபோகும். அப்போதே தெரிந்தால் நல்லது. பெரும்பாலும் அடுத்த முறை கழற்றும்போதுதான் தெரியும். கடையின் அவசரம் கடைக்காரருக்கு, சாவி உங்களுடையது. கன் வேண்டாம், கையால் கழற்றுங்கள் என்று பக்கத்தில் நின்று சொல்ல வெட்கப்படவே கூடாது.

30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 34 கிலோ அளவுக்கு அழுத்தினால் 100 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். பட்டறையில் சிலர் ஸ்பேனரின்மேல் ஏறி மிதிப்பதைப் பார்க்கிறோம். எழுபது கிலோ ஆள் ஏறி நின்றால் தேவையைப்போல இரண்டு மடங்கு. அதே நட்டை மழையில், வழியோரத்தில், ஒரு பெண்ணோ முதியவரோ தனியாகக் கழற்ற வேண்டிவரும் என்பதை மிதிக்கிறவர் நினைப்பதில்லை.

கடற்காற்றின் பங்கு

தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் சேர்ந்து ஆண்டில் பாதிக்கு மேல் ஈரம். ஹேடோவிலிருந்து சாத்தம் வரை கடலை ஒட்டியே வாழ்கிறோம். சாத்தம் துறையிலிருந்து பேம்பூ பிளாட்டுக்குப் போகும் வாகனப் படகில் காரை ஏற்றிப் பழகியவர்களுக்குத் தெரியும், படகு அசையும்போது உப்புத் தண்ணீர் எங்கெல்லாம் தெறிக்கும் என்று.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்தது. கடலோரம் உலோகத்தை எப்படித் தின்கிறது என்பதை மண்டபம் கடற்கரையில் வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நிறுவனம் அது. காற்றில் வரும் உப்பின் அளவு அலையோரத்தில் மிக அதிகம். உள்ளே போகப்போக வேகமாகக் குறைகிறது. இந்த அடிப்படைப் பாடம் தீவுக்கு அப்படியே பொருந்தும். காராச்சர்மாவில் நிற்கும் வண்டிக்கும் ஹேடோ கரையோரம் நிற்கும் வண்டிக்கும் துருவின் வேகம் ஒன்றாகாது.

பூட்டு நட்டுகள் பெரும்பாலும் குரோம் பூசியவை. பூச்சு முழுமையாக இருக்கும்வரை பளபளக்கும். சாவியின் விளிம்பு உரசும் பள்ளத்தில் பூச்சு முதலில் உரியும். அதே பள்ளத்தில்தான் உப்பும் சேறும் தங்கும். துரு உப்பிப் பள்ளத்தை நிரப்பினால் சாவி முழு ஆழத்துக்கு இறங்காது. பாதி இறங்கிய சாவியில் முழு பலத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். இன்னொரு தொல்லை, அலுமினியச் சக்கரமும் எஃகு ஹப்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பது. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இரண்டையும் ஒட்டவைக்கும். நட்டு எல்லாம் கழன்ற பிறகும் சக்கரம் வராது. பிரேக் வேலைக்காக எப்போது சக்கரம் கழற்றினாலும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ட்யூப்லெஸ் டயர் வந்த பிறகு இந்தச் சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது. முன்பெல்லாம் பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நட்டுகள் அடிக்கடி கழன்று இறுகின. இப்போது ஆணி குத்தினால் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே ஸ்ட்ரிப் செருகி அடைத்துவிடுகிறார்கள். பூட்டு நட்டு ஆண்டுக்கணக்கில் அசையாமல் உப்பு குடிக்கிறது. சாவி இருக்கிறதா இல்லையா என்பதும் ஆண்டுக்கணக்கில் தெரிவதில்லை. டயரின் பக்கச் சுவர் கிழிந்த அன்றுதான் தெரியும். 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தி, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் அடைக்கும் சாமான்களும் உள்ள சின்ன வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது. பக்கச் சுவர் கிழிந்தால் அந்தச் சாமான்களால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தீவில் ஸ்டெப்னி இல்லாத காரை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

ஜிர்காடாங் தாண்டினால்

ஊருக்குள் சாவி இல்லாமல் சக்கரம் கழலவில்லை என்றால் அது செலவு, அலைச்சல். அந்தமான் டிரங்க் ரோட்டில் நிலைமை அப்படியல்ல. நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறத்தாழ 49 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடியினரின் காப்பகம். குறித்த நேரங்களில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்துக் காவலோடு அனுப்புகிறார்கள். வழியில் நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 1956-இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இந்தக் காப்பகத்தின் அடிப்படை. அந்தச் சாலையையே மூடச் சொல்லி 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தச் சாலையில் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன என்பது வேறு ஒரு பெரிய விவாதம்.

நிற்கக் கூடாது என்ற விதிக்கு வலுவான காரணம் இருக்கிறது. ஜாரவாக்கள் சில நூறு பேர்தான். வெளியாரின் நோய்களுக்கு அவர்கள் உடலில் எதிர்ப்பு குறைவு. 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது நமக்கெல்லாம் நினைவிருக்க வேண்டும். நம் வண்டி அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு ஓர் ஆபத்து.

அந்தச் சாலையில் டயர் கிழிந்தால் நின்றுதான் ஆக வேண்டும். ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றப் பழகிய ஓட்டுநருக்குக் கால் மணி நேரம் போதும். நான்கில் ஒரு நட்டு கழலவில்லை என்றால் அந்தக் கால் மணி நேரம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. வரிசை தடைபடும், காவலர்கள் அங்கேயே நிற்பார்கள், வண்டியை இழுத்துப்போக ஏற்பாடு வேண்டும். ஆகவே பாராடாங், ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் போகிற எந்த வண்டியிலும் கிளம்பும் முன் சாவி இருக்கிறதா என்று பார்ப்பது ஓட்டுநரின் வசதியைத் தாண்டிய கடமை. ஜிர்காடாங்கில் வரிசைக்காகக் காத்திருக்கும் நேரமே இதற்குப் போதும்.

சாவி தொலையும் வழி, பூட்டை உடைக்கும் வழி

சாவி தொலைவது பெரும்பாலும் பட்டறையில்தான். சக்கரம் மாட்டியதும் சாவியை நட்டிலேயே விட்டுவிடுவார்கள். வண்டி கிளம்பியதும் ரோட்டில் எங்கோ விழும். இல்லையென்றால் மெக்கானிக்கின் கருவித் தட்டில் மற்ற பாக்ஸ் ஸ்பேனர்களோடு கலந்துவிடும். வாடகைக் காரில் ஓட்டுநர் மாறும்போது தொலையும். பழைய வண்டி விற்கும்போது, வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. இந்த ஊருக்கே உரிய வழி ஒன்றும் இருக்கிறது. அரசுப் பணி, கடற்படை, கடலோரக் காவல் என்று மாற்றலாகி வருகிறவர்கள் காரைக் கப்பலில் அனுப்புகிறார்கள். ஏற்றும் முன் உள்ளே இருக்கும் உதிரிப் பொருள்களை எடுத்து வீட்டுச் சாமான் பெட்டிகளில் போடுவார்கள். கார் ஹேடோவில் இறங்கும்போது சாவி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தொலைந்துவிட்டது என்றால் முதலில் தேட வேண்டிய இடங்கள் ஸ்டெப்னியின் நடுக்குழி, ஜாக்கி வைக்கும் உறை, டேஷ்போர்டு அறை, ஓட்டுநர் கதவின் பை. அங்கே இல்லை என்றால் கடைசியாகச் சக்கரம் கழற்றிய பட்டறைக்குப் போய்க் கேளுங்கள். கிடைக்காவிட்டால் எண்ணைக் கொடுத்து மாற்றுச் சாவி வரவழையுங்கள். கம்பெனி செட் என்றால் விற்பனை நிலையம் வழியாக. கடையில் வாங்கியது என்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தெரிந்தவர் யாராவது தேடித் தருவார்கள். கப்பலில் வந்தால் ஒரு காலம், விமானச் சரக்கில் வந்தால் ஒரு காலம். சக்கரம் நன்றாக இருந்தால் காத்திருப்பதே உத்தமம்.

காத்திருக்க முடியாதபோது உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இருக்கும் வழிகளில் நல்லது, உள்பக்கம் எதிர்த்திசையில் புரி வெட்டிய கழற்றிக் குழல். அதைத் தலையின்மேல் சுத்தியலால் அடித்து இறக்கி இடப்பக்கம் திருகினால், திருகத் திருக இறுகக் கவ்வி நட்டைக் கொண்டுவந்துவிடும். அது இல்லாத பட்டறையில் தலையைவிட ஒரு நூல் சின்னதான பழைய பாக்ஸை அடித்து இறக்குவார்கள். சுழலும் வளையம் உள்ள நட்டில் இது பலிக்காது; முதலில் வளையத்தை உடைக்க வேண்டும். அடிக்கும்போது கவனம் தவறினால் அலாய் வீலின் குழியில் காயம் விழும். மூன்றாவது வழி, தலையின்மேல் ஒரு சாதாரண நட்டை வெல்டிங் வைத்துத் திருகுவது. பலர் சுலபம் என்று நினைத்து முதலிலேயே இதற்குப் போகிறார்கள். ஸ்டட் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கும். வெல்டிங் வைத்துக் கழற்றிய இடத்தில் ஸ்டட்டையும் மாற்றியே தீர வேண்டும். துளை போட்டு எடுப்பது கடைசி வழி. பூட்டு நட்டு கடினப்படுத்திய உலோகம் என்பதால் டிரில் பிட்டுகளைத் தின்னும்.

நட்டு வகை வண்டியில் ஸ்டட் போனால் பல மாடல்களில் பின்னாலிருந்து தட்டி எடுத்துப் புதிதைச் செருகலாம். போல்ட் வகை வண்டியில் போல்ட் உடைந்தால் உடைந்த துண்டு ஹப்புக்குள் நிற்கும். ஹப்பின் மரையும் கெட்டால் ஹப்பையே மாற்ற வேண்டும். ஐரோப்பிய வண்டி வைத்திருப்பவர்கள் சாவியை இன்னும் ஒரு படி கவனமாகக் காக்க வேண்டியது இதனால்.

என் தீர்ப்பு

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது, தீவில் நிரந்தரமாக ஓடும் காருக்குப் பூட்டு நட்டு வேண்டாம் என்பதே என் முடிவு. திருட்டுக்கான வாய்ப்பு குறைவு. உப்பில் சாவிப் பள்ளம் கெடும் வாய்ப்பு அதிகம். மாற்றுச் சாவி கடல் தாண்டி வர வேண்டும். காப்பகச் சாலையில் நிற்க நேர்ந்தால் விலை கொடுப்பது நாம் மட்டுமல்ல. சாவி கையில் இருக்கும்போதே நான்கையும் கழற்றி, அதே மரை, அதே முகம் உள்ள சாதாரண நட்டுகளைப் போட்டுவிடுங்கள். சென்னை பாடியில் 1960-களிலிருந்து சக்கரமும் உறுதியான போல்ட்டும் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நல்ல நட்டுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. பெயர் இல்லாத பளபளப்பை மட்டும் வாங்காதீர்கள்.

விலையுயர்ந்த சக்கரம், அடிக்கடி பெருநிலத்துக்குப் போய்வரும் வண்டி, அல்லது மனசு கேட்கவில்லை என்று பூட்டை வைத்துக்கொள்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்கள் சில. குறியீட்டு எண்ணை இன்றே படம் எடுத்து வீட்டில் இருவர் போனிலாவது வையுங்கள். இரண்டாவது சாவி ஒன்றை இப்போதே வாங்கி வீட்டில் வையுங்கள். வண்டியில் சாவிக்கு ஒரே இடம் இருக்கட்டும். வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அந்த இடம் தெரியட்டும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பள்ளத்தைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சாவி முழு ஆழத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். கழற்றும்போது மற்ற நட்டுகள் இறுகியிருக்கையிலேயே பூட்டை முதலில் தளர்த்துங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாகக் கையால் இறுக்குங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய பின் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை சரிபாருங்கள்.

டோலிகஞ்ச், பிரோத்ராப்பூர் பக்கப் பட்டறைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். எதிர்ப்புரிக் கழற்றிக் குழல் ஒரு செட் வாங்கி வையுங்கள். வெல்டிங்குக்குப் போகும் தேவை குறையும். வேலை முடிந்து வண்டியை ஒப்படைக்கும்போது எஞ்சின் சாவியோடு சக்கரச் சாவியையும் உரியவர் கையில் கொடுத்து, பில்லில் ஒரு வரி எழுதுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கும்போதே சக்கரச் சாவியையும் கேளுங்கள். ஒரு நட்டை அங்கேயே கழற்றிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.